ஈயம் வைத்த நுனி

சைக்கிளுக்கு எண்ணெய் விடுவதில் முக்கால்வாசிப் பேர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். அளவுக்கு மேல் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் வழிந்தால் தூசி ஒட்டும், தூசி சேர்ந்தால் சேறாகும், சேறு சங்கிலியைத் தின்னும். கண்ணிக்கு ஒரு சொட்டு போதும். மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். கொடகவெலயில் கடை போட்ட தொண்ணூற்றிரண்டாம் வருடத்திலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டவர்கள் குறைவு. வாசலில் நிற்கிற உங்கள் சைக்கிளிலும் அதே கதைதான் ஐயா, உள்ளே வரும்போது பார்த்தேன்.

நான் வந்தது எங்கள் வீதியில் இன்னொரு சைக்கிள் கடை வைத்திருக்கிற மஷூர் விஷயமாக. மில்லகந்த தோட்டத்தில் பிரசவம் பார்த்த மிட்வைப் மிஸ் பிரஷாந்தினி இறந்துபோன வழக்கில் அவருக்கு அடுத்த வாரம் தீர்ப்பு. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று காலை பஸ்ஸிலேயே இரத்தினபுரிக்கு ஏறிவிட்டேன். கொடகவெல பொலிஸிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே இருக்கிற சார்ஜன் மாத்தயாவுக்கு என்மேல் நல்ல மரியாதை. நான் சொன்னால் சிரித்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி வரவழைப்பார். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடுதான். இருந்தாலும் இதைத் தமிழில் சொன்னால்தான் கூடாமல் குறையாமல் வரும். தமிழில் எழுதிக்கொள்ள இந்தப் பொலிஸில் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள்.

என் பெயர் செல்லையா. அப்பா, தேயிலையும் ரப்பரும் உள்ள மில்லகந்தையில் ரப்பர் பால் வெட்டியவர். நானும் அந்தக் கத்தியைப் பிடித்திருக்க வேண்டியவன்தான். இதே இரத்தினபுரியில் ஒரு சிங்கள பாஸிடம், அதாவது மேஸ்திரியிடம், ஒட்டிக்கொண்டு தொழில் படித்தேன். இன்றைக்குச் சிங்கள ஆட்கள் என்னை 'பாஸ் உன்னெஹே' என்பார்கள், நம்முடைய ஆட்கள் 'செல்லையாண்ணே' என்பார்கள். அந்த பாஸிடம் படித்ததில் ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும். பிரேக் வயரை அளவு பார்த்து வெட்டினால் நுனியில் இழைகள் பிரிந்து விளக்குமாறு மாதிரி நிற்கும். மற்றவர்கள் குறட்டால் நசுக்கி முறுக்கிவிட்டு, சரி போங்கள் என்பார்கள். நான் நுனியைத் துடைத்து, சூடு காட்டி, ஒரு பொட்டு ஈயம் வைப்பேன். இழை பிரியாது, புடவையில் மாட்டாது, விரலைக் குத்தாது. கொடகவெலயில் இதைச் செய்கிறவன் நான் ஒருவன்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் பக்கத்தில் ரிப்பேர் கடைக்காரனை யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். புதுச்சாமான் போட்டிருக்கிறேன் என்றால், "பழசக் காட்டுங்க" என்பார்கள். காட்டினால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு, இதை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டுவிட்டுப் போவார்கள். மற்ற கடைகளில் அது பழைய இரும்புக்குப் போய்விடும். நான் எறிய மாட்டேன். பின்சுவரில் ஆணி அடித்து மாட்டி வைப்பேன். தேய்ந்த பெடல், நீண்டுபோன சங்கிலி, வெடித்த சீட்டு, துருப்பிடித்த வயர், எல்லாம் இருக்கும். பெயர் எழுதி வைக்கத் தேவையில்லை, தேய்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே யாருடைய மிதி என்று எனக்குத் தெரியும். என் மனைவி புஷ்பத்துக்கு அந்தச் சுவர் பிடிக்காது. செத்தவர்கள் படத்தை மாட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்பாள். அவளுக்குத் தொழில் தெரியாது.

எதையும் நூற்றுக்கு நூறு முடித்துக் கொடுத்துவிடக் கூடாது என்பது என் கொள்கை. தவறாக நினைக்காதீர்கள். வண்டி நன்றாக ஓடும், பிரேக் பிடிக்கும், ஆள் பத்திரமாக வீடு போய்ச் சேருவார். ஆனால் எங்கேயோ ஒரு திருகாணி அரைச்சுற்று இளகலாக இருக்கும். கொஞ்ச நாளில் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். ஆள் திரும்பி வருவார். நான் ஸ்பானர் சாவியை வைத்து ஒரு திருப்புத் திருப்பினால் சத்தம் நின்றுவிடும். அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதற்காகத்தான் நான் கடை வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அந்த அரைச்சுற்றுக்கு நான் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

தொண்ணூற்றாறுக்குப் பிறகு கொழும்பில் குண்டு வெடிக்க வெடிக்க, எங்கள் பஸ் ஸ்டாண்டிலும் கெடுபிடி வந்தது. ஆளில்லாமல் நிற்கிற சைக்கிளைக் கண்டால் பொலிஸ் தூக்கிக்கொண்டு போய்விடும். தோட்டத்து ஆட்கள் சைக்கிளில் டவுனுக்கு இறங்கி, இங்கிருந்துதான் இரத்தினபுரிக்கோ கொழும்புக்கோ பஸ் ஏற வேண்டும். வண்டியை எங்கே விடுவது? பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே என் கடை. சார்ஜன் மாத்தயா வந்து பார்த்துவிட்டு, சைக்கிள்களை எல்லாரும் இங்கேதான் விட வேண்டும் என்று சொல்லிப் போனார். 'மேயா விஸ்வாச மினிஹெக்' என்றார். இவர் நம்பிக்கையான ஆள் என்று. கடை நிறைந்து நின்றவர்களுக்கு முன்னால் சொன்னார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது சொன்னால் உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். தோட்டக் கூலிகளின் லயத்து அறையில் பிறந்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அப்படி ஊர் சைக்கிளெல்லாம் பகல் முழுக்க என் பொறுப்பில் நின்றன. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷாந்தினி மிஸ் என்னிடம்தான் முதல் சைக்கிள் வாங்கினார். மில்லகந்த லயத்திலேயே பிறந்து, படித்து, அதே தோட்டத்துக்கு மிட்வைப்பாக வந்த பிள்ளை. வேலை கிடைத்த புதிதில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பச்சை நிற லேடீஸ் சைக்கிள். ஓட்டத் தெரியாது. சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரை நான்தான் ஓடினேன். கையை எடுத்துவிட்டேன் என்று தெரியாமல், "அண்ணே, விட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தனியாக ஓட்டிப் போனார். திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்தார். விழுந்த இடத்திலேயே இருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சீட்டின் உயரத்தை அவருக்குத் தக்கபடி வைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. முழங்கால் முக்கால்வாசி நீள வேண்டும், இடுப்பு ஆடக் கூடாது. அதைக்கூடப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை.

சுனாமி வந்த வருடம் மஷூர் எங்கள் வீதியின் மறுகோடியில் கடை திறந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்பது எங்கள் பக்கத்து வழக்கம், ஊருக்கு அவர் மஷூர் நானா. கண்ணாடி அலுமாரி, பளிச்சென்று டியூப்லைட், வருகிறவர்கள் உட்கார நாற்காலி. நல்ல மனிதர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வண்டியை வாங்கி உள்ளே கொண்டுபோக மாட்டார். சொந்தக்காரரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, அவர் கண்முன்னாலேயே கழற்றிப் பூட்டுவார். முடிந்ததும் அவரையே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வார். முதலில் இளசுகள் போனார்கள். பிறகு எல்லாரும் போனார்கள். ஒரே தடவையில் சரியாகிவிடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ரிப்பேருக்கு அங்கே போனவர்கள், பஸ் ஏறும் நாளில் மட்டும் வண்டியை என் கடையில் விட்டார்கள். பொலிஸ் சொன்ன இடம் இதுதானே. வண்டியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிடுவார்கள்.

ஜமால்தீன் என்று ஒரு சீலை வியாபாரி. சைக்கிள் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிறவர். ஒருநாள் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறினார். பார்த்தேன், இரண்டு சக்கரமும் மஷூர் கைபட்டிருந்தது. பின்சுவரில் ஜமால்தீனுடைய பழைய வால்வு ரப்பர் தொங்கியது. வருடக்கணக்கான சாமான், வெடிப்பு விழுந்திருந்தது. அதை எடுத்துப் பூட்டினேன். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. சாயங்காலம் அவர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பாதி வழியில் காற்று போய், மூட்டையோடு மலையேற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். மறுநாள் மஷூரிடம் போகவில்லை, நேரே என்னிடம் வந்தார். நான் புது ரப்பர் போட்டுக் கொடுத்தேன். மகிழ்ச்சியாகப் போனார்.

இதில் குற்றம் என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த ரப்பர் அவருடையது. என்னிடம் கொடுத்து வைத்திருந்தார், திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வேறு சிலருக்கும் திருப்பிக் கொடுத்தேன். எல்லாருக்கும் இல்லை. மரியாதையாகப் பேசியவர்களின் சாமானை நான் தொட்டதே கிடையாது. மில்லகந்த பள்ளிக்கூடத்தில் சிவம் மாஸ்டர் என்று யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். என் வேலையைப் பற்றி ஆசிரியர் அறையில் ஏதோ நக்கலாகச் சொல்லியிருக்கிறார், அது என் காதுக்கு வந்தது. அவர் லீவில் கொழும்புக்குப் போன நாளில் அவருடைய பழைய சங்கிலி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஏற்றத்தில் எழும்பி நின்று மிதித்தபோது அறுந்து, கைப்பிடியில் வாய் அடித்துக் கீழே விழுந்தார். முன்பல் இரண்டு போயிற்று. பின்னால் வந்த லொறி பிரேக் அடித்ததால் மிச்சம் தப்பியது. வீங்கின வாயோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணை, உங்கட கைதான் கை, நான்தான் பிழை விட்டிட்டன்" என்றார். அவருக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பக்கத்துக் கடையிலிருந்து ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது மிஸ்ஸின் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய வண்டியின் பிரேக் வயர் இரண்டும், கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இடத்தில் இழை இழையாக அறுந்துகொண்டு வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நான்தான் கண்டுபிடித்தேன். இதோடு மலை இறங்கினால் உயிர் போய்விடும் மிஸ் என்று சொல்லி, இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிது போட்டேன். பழசைச் சுவரில் மாட்டினேன். என் வழக்கப்படி அரைச்சுற்று மிச்சம் வைத்திருந்தேன். பிரேக் கட்டை கீச்சிட ஆரம்பித்தது. வந்தார், பார்த்தேன். மறுபடி வந்தார். மூன்றாவது தடவை வந்தபோது அவருக்குக் கோபம். கொழும்பு பஸ் வர நேரம், கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, இது மூணாவது தடவ. சத்தத்தக் கேட்டு லயத்துப் பிள்ளைங்க கேலி பண்ணுதுங்க. ஒங்களுக்கு முடியலன்னா முடியலன்னு சொல்லிருங்களேன். நான் மஷூர் நானாகிட்டக் காட்டிக்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னார். கத்தவில்லை. எடுத்தெறிந்தும் பேசவில்லை. முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க என்றார். நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் ஓடிய வீதியில்தான் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மஷூர் கடைக்குப் போனார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வலித்தது ஐயா. சொந்தத் தங்கச்சி நாலு பேர் முன்னால் முகத்தில் காறித் துப்பினால் எப்படி வலிக்கும், அப்படி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மஷூர் ஜும்ஆ தொழுகைக்குப் போகும் அவசரத்தில் இருந்தாராம். இருந்தாலும் பிரேக் கட்டை, வயர் எல்லாம் கழற்றிப் புதிது போட்டு அனுப்பினார். சத்தம் நின்றுவிட்டது. அதை மிஸ் ஊர் முழுக்கச் சொன்னார்.

மாதத்தில் ஒருநாள் மிட்வைப்மார்களுக்கு இரத்தினபுரியில் கூட்டம் இருக்கும். அதற்குப் போகும்போது வண்டியை என்னிடம்தான் விட வேண்டும், வேறு வழியில்லை. விட்டார். "வர்றேண்ணே" என்று சிரித்துவிட்டுத்தான் போனார், மனதில் எதையும் வைத்துக்கொள்கிற சுபாவம் அவருக்குக் கிடையாது. நான் வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தேன். மஷூர் பூட்டிய புது வயர்களை உருவினேன். சுவரிலிருந்து மிஸ்ஸின் பழைய வயர்களை எடுத்தேன். மேல்துருவைத் துடைத்துவிட்டு மஷூர் போட்ட புது உறைக்குள்ளேயே விட்டேன், அப்போதுதான் வெளியே ஒன்றும் தெரியாது. பழைய வயரில் நுனி பிய்ந்திருந்தது. வெட்டிச் சமப்படுத்தி, சூடு காட்டி, புதிதாக ஈயம் வைத்தேன். கொல்லப் போகிற வயருக்கு எதற்கு ஈயம் என்று நீங்கள் கேட்கலாம். வேலை என்று எடுத்துவிட்டால் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. அரைச்சுற்றுகூட மிச்சம் வைக்கவில்லை. என் தொழிலில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் முடித்த வேலை அது ஒன்றுதான். பிரேக்கை அமுக்கிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி, சத்தமே இல்லை.

மெதுவாக அமுக்கினால் பிடிக்கும். முழுப்பலத்தோடு அமுக்கினால் பிடிக்காது. மில்லகந்த ரோட்டில் எந்த இடத்தில் முழுப்பலத்தோடு அமுக்க வேண்டிவரும் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து இறங்கும்போது கோயிலுக்குக் கீழே ஒரு முடக்கு, அதைத் திரும்பினால் கல் மதகு. அந்த வயர் உயிரை வாங்கும் என்று அவரிடம் சொன்னவனே நான்தானே. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. மிஸ் பார்த்து ஓட்டுகிறவர். தோட்டத்திலிருந்து யாராவது கடைக்கு வந்தால், நான் கையில் இருக்கிற சாவியைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அவர்கள் சாதாரணமாக எதையாவது சொல்வார்கள், மழையைப் பற்றி, கொழுந்தைப் பற்றி. நான் மறுபடி சாவியை எடுப்பேன். ஒருநாள் புஷ்பம் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஆணில மிட்வைப் மிஸ்ஸு வயர் தொங்குச்சே, எங்க?" என்று கேட்டாள். எறிந்துவிட்டேன் என்றேன். நான் எதையும் எறிகிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த மாதக் கூட்டமும் வந்தது. மிஸ் மறுபடி வண்டியை விட்டுவிட்டுப் போனார். கைப்பிடியைத் திறந்து பார்த்தேன். முன்வயரில் நாலைந்து இழைதான் மிச்சம். பின்வயரும் அதே கதி. மஷூரின் புது வயர்கள் என் மேசை லாச்சியில் பத்திரமாக இருந்தன. மாற்றிப் போட எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. வயர்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வரட்டும், ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லட்டும், சொன்னால் அவர் கண்முன்னாலேயே மாற்றிக் கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு சந்தர்ப்பம்?

பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். கையில் ரம்புட்டான் பழப் பை. அதில் ஒரு கொத்தை எடுத்து, அக்காவுக்குக் கொடுங்கள் என்று மேசையில் வைத்தார். நான் கேட்டேன்:

"வண்டி எப்பிடி ஓடுது மிஸ்?"

"நல்லா ஓடுதுண்ணே. பிரேக்குதான் ரெண்டு நாளா கொஞ்சம் கீழ எறங்குன மாதிரி இருக்கு."

மடியில் இருந்த வயர்களைக் கையால் பொத்திக்கொண்டேன். இன்னும் ஒரு வார்த்தை, நீங்க பாருங்களேன் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அவர் பிரேக்கை ஒருமுறை லேசாக அமுக்கிப் பார்த்தார்.

"பரவாயில்ல, நாளைக்கு மேல் டிவிசன் கிளினிக் முடிஞ்சி வர்றப்ப மஷூர் நானாகிட்டக் காட்டிக்கிறேன்."

"சரி மிஸ்," என்றேன். "பாத்துப் போங்க."

பார்த்துப் போங்கள் என்று நான் எச்சரித்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் அவர் மேல் டிவிசனில் குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது, கீழ் லயத்தில் சுமித்ரா என்ற பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது என்று ஓர் ஆள் வந்து சொல்லியிருக்கிறார். தலைச்சன் பிரசவம். மிஸ் பையைத் தூக்கி மாட்டிக்கொண்டு இறங்கினார். பார்த்து ஓட்டுகிற பிள்ளை அன்றைக்கு மட்டும் வேகமாகப் போயிற்று. கோயில் முடக்கில் இரண்டு கையாலும் முழுசாக அமுக்கியிருக்கிறார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அண்ணே என்றோ அம்மா என்றோ ஒரு சத்தம் கேட்டதாம், சரியாகத் தெரியவில்லை என்கிறார்கள். மதகுக் கல்லில் தலை அடிபட்டு அந்த இடத்திலேயே போய்விட்டார். கீழ் லயத்தில் சுமித்ரா பிழைத்துக்கொண்டாள், குழந்தைதான் தங்கவில்லை. அதை என் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த வீட்டு வண்டியை நான் தொட்டதே கிடையாது.

மரண வீட்டுக்குப் போனேன். பாடை தூக்க ஒரு தோளும் கொடுத்தேன். அன்றிரவு புஷ்பம் உடுப்பை எடுத்து வைத்து, காலையில் கேகாலையில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாள் ஓய்வு எடுத்தால் நல்லதுதான் என்று நானும் தடுக்கவில்லை. இன்னும் வரவில்லை.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். சார்ஜன் மாத்தயா என்னைத்தான் கூப்பிட்டு வண்டியைக் காட்டினார். நான் உண்மையைச் சொன்னேன்: வயர் பழசு, புதிதாக மாற்றியிருக்க வேண்டியவர் மாற்றாமல் விட்டிருக்கிறார் என்று. மஷூரைப் பிடித்தார்கள். தோட்டத்து ஆட்கள் போய் அவர் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். அவருடைய மனைவி ஸுபைதா என் கடை வாசலில் வந்து நின்று, "எங்கட இவர் அப்பிடிக் கவனமில்லாத ஆள் இல்ல அண்ணன், நீங்க ஒரு வார்த்த சொன்னா பொலிஸ் கேக்கும்" என்று அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது. சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அதற்காக நான் இன்றைக்கு வரவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன தவணைக்குக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். வண்டியைச் சோதித்த அதிகாரி சாட்சி சொன்னார். வயரின் நுனியில் ஈயம் இருக்கிறது, ஆகவே இது செல்லையா பாஸ் முன்பு பூட்டிய வயர். மஷூர் உறையை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே கிடந்த வயரை அப்படியே விட்டிருக்கிறார். தொழில் பழகாதவன்கூடச் செய்யாத கவனக்குறைவு என்றார். துருப்பிடித்த வயரில் ஈயம் மட்டும் எப்படிப் பளபளவென்று இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கையில் வைத்துப் பார்க்கிறார்கள், கண் தெரியவில்லை. பிறகு மஷூர் எழுந்தார். வக்கீல் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஜும்ஆ அவசரத்துல மாத்தினனா, மாத்தலயா எண்டு எனக்கே நெனவில்ல. என்ட கவனக்குறைவாலதான் அந்தப் புள்ள மௌத்தாப் போனா. என்ன தண்டன தந்தாலும் ஏத்துக்கிறன்" என்று சொல்லி, கூட்டில் நின்று குழந்தை மாதிரி அழுதார். ஜட்ஜ் ஐயாகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. செய்யாத வேலைக்கு ஒரு மனிதன் எப்படி உரிமை கொண்டாடலாம்?

இதோ இந்தப் பையில் இருப்பவை மஷூர் பூட்டிய வயர்கள். புதுசு, நுனியைப் பாருங்கள், குறட்டால் நசுக்கி முறுக்கியிருக்கிறார், அவ்வளவுதான் அவருடைய கைவேலை. கோர்ட்டில் இருக்கிற வயரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் ஐயா? எழுதுங்கள். பிரஷாந்தினியின் சாவுக்குக் காரணமான வேலையைச் செய்தவன் செல்லையாவாகிய நான். மஷூர் பெயரை அடித்துவிடுங்கள். அவர் வீட்டுக்குப் போகட்டும், எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை. அதோடு அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லையும் மறக்காமல் அடித்துவிடுங்கள். என் கையிலிருந்து கவனக்குறைவாக ஒரு வண்டியும் வெளியே போனது கிடையாது.